மூன்றாவது ஓலை

1

அப்பாவுக்குக் கல்யாணம் என்ற செய்தியை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். சொன்னது அப்பா இல்லை. எங்கள் பங்குச் சாமியார், அதாவது எங்கள் சர்ச் பாதிரியார். அதுவும் மைக்கில், ஊரறிய.

விவரமாகச் சொல்கிறேன். நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், டனிடன் என்ற ஊரில். தெருவெல்லாம் மேடும் பள்ளமும். உங்களுக்கு ஜூலை மாதம் என்றால் வியர்வை. எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், காலுறை. மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு காலை ஏழரைப் பூசை தொடங்கும்போது இங்கே மதியம் இரண்டு மணி. கோயில்காரர்கள் பூசையை இணையத்தில் நேரலையாகப் போடுகிறார்கள். நான் போனைப் பாத்திரம் வடிகிற கூடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு காதைப் பூசைக்கும் மறு காதைக் குழாய்க்கும் கொடுத்தபடி மதியப் பாத்திரங்களைத் தேய்ப்பேன். இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை பக்தி. ஆண்டவர் பெரிய மனசு பண்ணி இதையும் சேர்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை.

அன்றைக்குப் பூசை முடிந்து அறிவிப்புகள் வந்தன. மறைக்கல்வி வகுப்பு, இரத்த தான முகாம், கோயில் வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு ஓலை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். இப்போது வாசிப்பது கணினியில் அச்சடித்த தாள். பெயர் மட்டும் பழசு. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். சின்ன வயதில் முழுப் பூசையிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். யாராவது எழுந்து "நிறுத்துங்கள்" என்று கத்துவார்களா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் கத்தியதில்லை.

"மணமகன், மறைந்த செசிலியாவின் கணவர் சவரிமுத்து. மணமகள், மறைந்த அருளப்பன், ஞானம்மாள் தம்பதியரின் மகள் பிலோமினா. இருவரும் இப்பங்கைச் சேர்ந்தவர்கள். இது முதல் ஓலை."

செசிலியா என் அம்மா. சவரிமுத்து என் அப்பா, எழுபது முடிந்துவிட்டது. பிலோமினா, ஆறாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் எடுத்த டீச்சர்.

கையிலிருந்த குக்கர் மூடியை எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று தெரியவில்லை. என் கணவர் பிரகாஷ் வந்து குழாயை மூடினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கே.கே. நகர்க்காரர், எதற்கும் சட்டென்று அசரமாட்டார். போனை எடுத்து, நேரலையைப் பின்னுக்கு நகர்த்தி, ஓலையை நிதானமாக இன்னொரு முறை கேட்டார்.

"மாமாவுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றார்.

நான் குக்கர் மூடியை அவர் கையில் திணித்துவிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனேன்.

2

பூசை முடிந்ததும் பாடகர் குழுவோடு பக்கத்து ஓட்டலில் பொங்கல் சாப்பிடுவது அப்பாவின் வழக்கம். போனை எடுத்தபோது பின்னால் டம்ளர்கள் உருளும் சத்தம் கேட்டது.

"கேட்டியாம்மா?" என்றார். அங்கே மழையா என்று விசாரிக்கிற தொனி.

"என்னப்பா இது? மைக்ல சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"ஒரு மாசமா சொல்லத்தான் பாக்குறேன், ஜெசி. நீ போன் பண்ணா முதல்ல பி.பி. எவ்வளவுன்னு கேக்குற. அப்புறம் சுகர். அப்புறம் மாத்திரை போட்டீங்களா, லிஃப்ட் சரி பண்ணாங்களா, ஹால் கேமரா ஏன் ஆஃப்ல இருக்குன்னு கேக்குற. எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்கு வேலை வந்துடுது. இதுக்கு நடுவுல கல்யாணத்தை எங்கம்மா நுழைக்கிறது?"

"அதுக்காக இப்படியா?"

"நீதான் தவறாம பூசை பாக்குறேன்னு சொன்னியே. சரி, ஃபாதர் வாயாலயே வரட்டும்னு விட்டுட்டேன். அவர் பேசும்போது நீ நடுவுல பி.பி. கேக்க முடியாது பாரு."

ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்த வழியில் போனால் விடை வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். சிரித்தார். பாட்டுப் பயிற்சி அறையில் ஒரே ஒரு ஃபேன். இவர் அதை ஐந்தில் வைப்பார். பிலோமினா டீச்சருக்கு சைனஸ். எழுந்து போய் ஒன்றில் வைப்பார். இவர் மறுபடி ஐந்து, அவர் மறுபடி ஒன்று. இரண்டு வருடமாக இதே சண்டை. "போன ஈஸ்டருக்கு முன்னால அவங்களுக்குக் காய்ச்சல், ரெண்டு வாரம் வரல. ஃபேன் அஞ்சுலயே ஓடுச்சு. எனக்கு அந்தக் காத்தே பிடிக்கலம்மா" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. ஃபாதர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரெண்டாவது ஓலை அடுத்த வாரம் வாசிப்பாங்க. மூணாவது ஓலை, நீ சரின்னு சொன்னாத்தான். உனக்கு மனசு இல்லன்னா அத்தோட நிறுத்திடலாம். எனக்கு வருத்தம் இல்ல."

'எனக்கு வருத்தம் இல்லை' என்று அப்பா சொல்கிற குரலை நான் அறிவேன். நான் நியூசிலாந்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றும் இதே குரலில்தான் சொன்னார். அந்த இடத்திலேயே சரி என்று சொல்லியிருக்கலாம். "யோசிக்கிறேன்ப்பா" என்றேன்.

"பி.பி. நூத்தி முப்பதுதான்" என்றார் அவராகவே, என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

வெளியே வந்தால் ஹாலில் என் மகள் மீரா சோபாவில் கால் நீட்டிக் கிடந்தாள். பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் "ஹாய் தாத்தா" என்பதற்கும் "பை தாத்தா" என்பதற்கும் இடையில் மூச்சு விடக்கூட நேரம் தரமாட்டாள். குழந்தை நம்மை விட்டு, நம் மொழியை விட்டு விலகிப் போகிறாள் என்று ஊரிலுள்ள தோழிகளிடமெல்லாம் நான் புலம்பியிருக்கிறேன்.

"மீரா, தாத்தாவுக்குக் கல்யாணமாம்" என்றேன்.

"தெரியும்" என்றாள், தமிழிலேயே.

தாத்தாவும் பேத்தியும் மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறார்களாம். ஃபேன் கதை, காய்ச்சல் கதை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "தாத்தா சீக்ரெட்னு சொன்னார்ம்மா. நீ டென்ஷன் ஆவியாம்."

விலகிப் போகிறாள் என்று நான் யாரைப் பற்றிக் கவலைப்பட்டேனோ அவள் உள்ளே இருக்கிறாள். வெளியே நின்றுகொண்டிருந்தது நான்.

3

பிலோமினா டீச்சர் ஒல்லியாக, கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கையில் நீள ஸ்கேலோடு வருவார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வகுப்பு அடங்கிவிடும். ஒரு நாள் உலகப் படம் வரையச் சொன்னார். நான் இடது பக்கம் அமெரிக்காவைத் தாராளமாக வரைந்துவிட்டேன். வலது பக்கம் வரும்போது தாள் தீர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவை எப்படியோ நெருக்கி உட்கார வைத்தேன். நியூசிலாந்துக்கு இடமில்லை, விட்டுவிட்டேன்.

"நியூசிலாந்து எங்கே?" என்றார் டீச்சர்.

"பேப்பர் முடிஞ்சிடுச்சு டீச்சர்."

"பேப்பர் முடிஞ்சா ஊர் முடிஞ்சிடுமா? அங்கயும் மனுஷங்க இருக்காங்க. பெஞ்ச் மேல ஏறு."

அந்த ஊரிலேயே வந்து குடித்தனம் நடத்துவேன் என்று பெஞ்ச் மேல் நின்றபோது நினைக்கவில்லை. விசா கிடைத்த செய்தியை அம்மா பாட்டுப் பயிற்சியில் சொன்னதும் டீச்சர் கோயிலுக்குள் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாராம். அம்மாவும் அவரும் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, அப்புறம் படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தபோது பணி ஓய்வு வந்துவிட்டது. அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு அந்த பெஞ்சைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் தேடினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு முதியோர் இல்லத்தில் பணியாளர்களுக்கான வேலை அட்டவணை போடுகிறேன். போன வருடம் அங்கே எண்பதைக் கடந்த ஒரு தாத்தாவும், அவருக்கு இரண்டு அறை தள்ளி இருந்த ஒரு பாட்டியும் காதலித்தார்கள். தோட்டத்தில் கைகோத்துக்கொண்டு உட்காருவார்கள். இல்லமே திரண்டு கேக் வெட்டியது. வாங்கி வந்தது நான்தான். வயதாவது ஒன்றாவது, மனசுதான் முக்கியம் என்று ஒரு குட்டிச் சொற்பொழிவுகூட ஆற்றினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அது வேறு வீட்டு அப்பா.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் என் அப்பா விஷயத்தைச் சொன்னேன். ஒருவராவது "அடடா, இந்த வயசிலா?" என்று கேட்பார்கள், அவர்கள் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பேரும் கத்திக் கொண்டாடி, கேக் எப்போது என்று கேட்டார்கள். அழ இடம் கிடைக்காமல் திரும்பி வந்து அட்டவணை போட்டேன்.

எனக்கு என்னதான் பிரச்சினை? ஊர் என்ன சொல்லும் என்பது இல்லை. இந்த ஊர் எதற்கும் எதுவும் சொல்லாது. அம்மாவின் இடத்தில் இன்னொருவரா என்ற வலி இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதையும் தோண்டினால் அடியில் வேறொன்று கிடந்தது.

எங்கள் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. அதற்கு 'அப்பா ரூம்' என்று பெயர். வெயில் விழுகிற ஜன்னல், நல்ல ஹீட்டர், ஒற்றைக் கட்டில், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அம்மா இறந்த பிறகு பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், அப்பாவுக்கு நான் மகள்தான் என்பதற்குச் சான்றிதழ். எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இணையதளத்தைத் திறந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். வாரா வாரம் திறந்து பார்ப்பேன். அது ஒரு நாள் மாறும், அப்பா வந்து அந்த ஜன்னலோரம் உட்காருவார், பிறகு எனக்கு ஒரு குறையும் இருக்காது. என் வாழ்க்கையின் முதல் முக்கியம் என்று நான் வைத்திருந்தது அதுதான்.

அப்பா இதற்கு முன் ஒருமுறை சுற்றுலா விசாவில் வந்து மூன்று மாதம் தங்கினார். சாலையைப் பார்த்தபடி ஜன்னலருகே நிற்பார். யாராவது நாயோடு போனால் கையசைப்பார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறுவார். ஒரு சாயங்காலம், "நல்ல ஊரும்மா. யாரையும்தான் காணோம்" என்றார். நான் சிரித்து, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது அவர் கல்யாணம் செய்துகொண்டால் அந்த ரூமுக்கு வரமாட்டார். அதுதான் விஷயம். அதைப் பிரகாஷிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இந்த முறை ஜோக் அடிக்கவில்லை.

"அந்த ரூம் யாருக்கு ஜெசி, அவருக்கா உனக்கா?" என்று மட்டும் கேட்டார்.

5

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. அன்று சாயங்காலம் அப்பாவிடமிருந்து வீடியோ அழைப்பு. திரையில் ஒரே தலைகள், துணிக் கட்டுகள், யாரோ ஒருவரின் முழங்கை. தி. நகரில் ஆடித் தள்ளுபடி!

"ஆடி மாசம்னா மண்டபம் சுலபமா கிடைக்குது, துணியும் தள்ளுபடி. நமக்கென்ன, நாம பாக்குறதில்லயே!" என்று கூட்டத்துக்கு மேல் கத்தினார் அப்பா. அம்மாவோடு தி. நகருக்கு வந்தால் கடை வாசலில் நின்று கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்புகிற மனிதர், இப்போது இரண்டு தோளிலும் பை மாட்டிக்கொண்டு கடைக்குள் நிற்கிறார். நெற்றியில் வியர்வை. முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பி.பி.யைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

"இரும்மா, டீச்சர் பேசுறேன்னு சொன்னாங்க" என்று போனைக் கைமாற்றினார். பிலோமினா டீச்சர் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அதே கஞ்சிப் புடவை. பார்த்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"என்ன ஜெசிந்தா, அந்த மூலையில மனுஷங்க இருக்காங்களா?"

"இருக்காங்க டீச்சர்."

"நல்லது. இதோ பாரு, உங்க அப்பாவைக் கட்டிக்கிறதுக்கு நான் உன்கிட்ட பர்மிஷன் கேக்க வரல. அது உனக்கும் அவருக்கும் உள்ளது. நான் கேக்குறது வேற." புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்கினார். "செசிலியா ஃபோட்டோவை ஹால்ல இருந்து எடுத்து உள் ரூம்ல மாட்டிட்டாரு உங்க அப்பா. எனக்கு சங்கடமா இருக்குமாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீ சொல்லு. அது இருந்த இடத்துலயே இருக்கணும்."

நான் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தேன்.

"இருபது வருஷம் என் பக்கத்துல நின்னு பாடுனவ. எனக்கு சுதி தப்புனா முழங்கையால இடிப்பா. இப்ப நான் அந்த வீட்டுக்குள்ள வரும்போது அவ ஹால்ல இல்லன்னா எனக்கு எப்படி இருக்கும், சொல்லு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அதட்டல் குரலுக்குத் திரும்பினார். "சரி, உனக்கு இந்த மாம்பழக் கலரா, அந்தப் பச்சையா? சீக்கிரம் சொல்லு, பின்னால ஒரு அம்மா பிடிச்சு இழுக்குறாங்க."

"பச்சை டீச்சர்" என்றேன்.

அழைப்பு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் வாழ்க்கையை நான் ஒரு படமாக வரைந்து வைத்திருந்தேன். மாத்திரை, லிஃப்ட், கேமரா, ஹீட்டர் என்று எல்லாவற்றையும் பெரிதாக வரைந்ததில் தாள் தீர்ந்துவிட்டது. ஃபேனுக்குச் சண்டை போட ஒரு ஆள் வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். பெஞ்ச் மேல் ஏற்ற வேண்டிய தப்புதான்.

6

சரி என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கொழுப்பு. மைக்கில் சொல்லி என்னைக் குக்கர் மூடியோடு திகைக்க வைத்தவருக்கு நானும் மைக்கிலேயே பதில் சொல்லவேண்டும் என்று ஒரு யோசனை. மூன்றாவது ஓலையை வாசிக்க நானே ஃபாதரிடம் சரி சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு பூசையை அம்மாவின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லலாம். தொடக்கத்திலேயே 'மறைந்த செசிலியாவுக்காக, மகள் ஜெசிந்தா' என்று வாசிப்பார்கள். அப்பா அதைக் கேட்பார், புரிந்துகொள்வார். நினைக்கவே நன்றாக இருந்தது.

புதன்கிழமை பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாளிடம் மூச்சு விடாமல் சொன்னேன். "சவரிமுத்து சார் பொண்ணு பேசுறேன், நியூசிலாந்துல இருந்து. மூணாவது ஓலை விஷயமா ஃபாதர்கிட்ட பேசணும். எங்க அம்மா சம்பந்தமா..."

அந்தப் பக்கம் "ஐயோ!" என்றது. "ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்காரும்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். சொல்லிடுறேன்மா, நான் சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

இங்கேதான் இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கை என் மூளையைக் கெடுத்துவிட்டது என்று தெரிகிறது. ஓலை வாசிக்கிற வாரத்தில் குடும்பத்து ஆள் ஒருவர் பங்கு அலுவலகத்தைக் கூப்பிட்டு ஓலை விஷயம் என்றால், அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். தடை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை நான் வேலையில் இருக்கும்போது அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது கன்னியம்மா. அப்பா வீட்டில் பாத்திரம் தேய்த்து, டிபன் செய்து வைப்பவர். முன்பு கோட்டூர்புரம் ஆற்றோரம் இருந்தார். அரசாங்கம் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்த பிறகும், இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்.

"இன்னாம்மா நீ, இப்டி பண்ணிட்ட?"

"என்ன பண்ணேன் கன்னியம்மா?"

"கல்யாணத்த நிறுத்தச் சொல்லி கோயிலுக்கு போன் பண்ணியாமே? கோயிலாண்ட ஒரே பேச்சா கீது. கீழ் வீட்டு மாமி கூட வந்து கேட்டுட்டுப் போச்சு. சாரு நேத்துலேர்ந்து ஒண்ணியும் துன்னல. ஃபேனைப் பாத்துக்கினு சேர்ல குந்திக்கினு கீறாரு. நான் கேட்டா, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லன்றாரு. சாருக்குத் தெரியாமதான் பேசிக்கினு கீறேன். இன்னாத்துக்கும்மா பெத்தவர இப்டி..."

"ஐயோ கன்னியம்மா, நான் அதுக்குப் பண்ணல!"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. பதற்றத்தில் அதை எடுத்துவிட்டேன்.

"ஜெசிந்தா!" பிலோமினா டீச்சர். "எந்திரி!"

எழுந்து நின்றேன். நம்புங்கள், அலுவலக மேசைக்கு முன்னால், நாற்பத்து நான்கு வயதில், அட்டவணைத் தாள்களோடு எழுந்து நின்றேன். பக்கத்து மேசைக்காரி நெருப்பு எச்சரிக்கை மணியோ என்று அவளும் எழுந்துவிட்டாள்.

"உனக்கு இஷ்டம் இல்லன்னா உங்க அப்பாகிட்ட நேரா சொல்லியிருக்கணும். அந்த மனுஷன் உனக்காகத்தான் மூணாவது ஓலையையே நிறுத்தி வச்சிருக்காரு. ஆபீஸ்ல போய்ச் சொல்லி ஊரைக் கூட்டுவியா?"

"டீச்சர், தடை சொல்லப் பண்ணல டீச்சர். அம்மாவுக்குப் பூசை சொல்லத்தான் பண்ணேன். மூணாவது ஓலை அன்னிக்கு அம்மா பேரும் வரணும்னு. அப்பாவுக்குத் தெரியாம இருக்கட்டும்னு..." என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை போல ஒப்பித்தேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குப் பூசையா?" என்றார். குரல் வேறு ஆளுடையதாக இருந்தது. "சரி. உட்காரு."

உட்கார்ந்தேன்.

"அவருக்கு உடனே போன் பண்ணு. அதிர்ச்சி எல்லாம் குடுக்க வேணாம். மனுஷன் பட்டினி கிடக்குறாரு."

கூப்பிட்டேன். அப்பா எடுத்தார். "அப்பா, தடை சொல்ல நான் போன் பண்ணல. அம்மாவுக்குப் பூசை சொல்லத்தான் பண்ணேன். மூணாவது ஓலையை வாசிக்கச் சொல்லுங்க, அந்தப் பூசையையும் சொல்லி வச்சிடுங்க. எனக்கு சந்தோஷம்ப்பா. நிஜமாவே சந்தோஷம். அம்மா ஃபோட்டோவை ஹால்லயே மாட்டுங்க, டீச்சர் சொல்றாங்க."

ஃபேன் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனை முகத்திலிருந்து விலக்காமலேயே அப்பா கத்தினார்.

"கன்னியம்மா! மூணு தோசை போடு!"

7

அந்த ஞாயிறு நான் பாத்திரம் தேய்க்கவில்லை. பூசையைத் தொலைக்காட்சியில் போட்டு, பிரகாஷ், மீரா, நான் மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். பெண்கள் வரிசையில் டீச்சரின் நரைத்த தலை தெரிந்தது. அப்பா முதல் நாளே போய் முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். காதோரம் சுத்தமாக இருந்தது.

பூசை தொடங்கும் முன், அது யாருக்காக, யார் கேட்டது என்ற கருத்துகளை வாசித்தார்கள். "இன்றைய திருப்பலி, மறைந்த செசிலியாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்பவர், மகள் ஜெசிந்தா, நியூசிலாந்து."

நான் பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமியார் தாளைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அதே கருத்துக்காக, தோழி பிலோமினா."

டீச்சர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். நான் அலுவலகத்துக்குப் போன் போடும் முன்னாலேயே என்று பிறகு தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே. மீரா எழுந்து போய் டிஷ்யூப் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கடைசியில் மூன்றாவது ஓலை வாசித்து, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று ஃபாதர் முடித்தபோது, பாடகர் குழு மொத்தமும் ஒரு தடவை கேமரா பக்கம் திரும்பிப் பார்த்தது. சின்ன வயதில் நான் திரும்பிப் பார்ப்பேனே, அதே மாதிரி. நானும் டனிடனில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூவரும் போய் வந்தோம். நான் பச்சைப் புடவை. அம்மாவின் படம் ஹாலில், அதே ஆணியில். டீச்சரை என்னவென்று கூப்பிடுவது என்று தயங்கியபோது அவரே முடித்துவைத்தார். "அம்மான்னு கூப்பிட உனக்கு ஒருத்தி இருந்தாளே, அது போதும். நீ டீச்சர்னே கூப்பிடு. அப்பதான் நீ ஒழுங்கா இருப்ப." மீராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்த்த முதல் நிமிடத்திலேயே பாட்டி என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெற்றோர் விசா விண்ணப்பத்தை இன்னும் திரும்பப் பெறவில்லை. அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறதாம். அப்பாவும் டீச்சரும் டிசம்பரில் இரண்டு மாதம் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். படத்தில் விட்டுப்போன ஊரை நேரில் சரிபார்க்கவேண்டும் என்கிறார் டீச்சர். அப்பா ரூமிலிருந்து ஒற்றைக் கட்டிலை எடுத்துவிட்டோம். பெரிய கட்டிலை வாசலில் திருப்ப முடியாமல் பிரகாஷ் அரை நாள் மல்லுக்கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் போன் பேசுகிறேன். பி.பி. கேட்கிறேன்தான், கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அது இரண்டாவது கேள்வி. போன வாரம் முதலில் கேட்டேன்.

"அப்பா, ஃபேன் இப்ப எத்தனைல ஓடுது?"

"மூணுல" என்றார் அப்பா. "ரெண்டு பேருக்குமே பிடிக்கல."

பின்னாலிருந்து டீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்டது.